கற்பனை உலகத்தின் கல்மறையை எழுதியவர் யார்?

"ஃபேன்டஸிதானே தோழர், அதில் எதற்குச் சாதியையும் அரசியலையும் இழுக்கிறீர்கள்?" இந்தக் கேள்வியை நாம் எல்லோரும் ஒரு முறையாவது எதிர்கொண்டிருப்போம். டிராகன் பறக்கிறது, மந்திரவாதி கோலைத் தூக்குகிறார், இல்லாத கண்டத்தில் இல்லாத அரசர்கள் சண்டை போடுகிறார்கள். இதற்கும் வரலாற்றுக்கும் என்ன தொடர்பு? கொஞ்ச நேரம் நிம்மதியாகப் படிக்க விடுங்களேன் என்கிறார்கள்.

அந்த நிம்மதியை நான் கெடுக்க விரும்பவில்லை. நானும் இந்தக் கதைகளுக்கு அடிமைதான். ஆனால் மிகுபுனைவு வரலாற்றிலிருந்து தப்பிக்கும் இடம் என்ற நம்பிக்கை தவறானது. வரலாறு இல்லாத மாய உலகம் ஒன்றுகூட இதுவரை எழுதப்படவில்லை. யாருடைய வரலாறு, எந்தப் பக்கம் நின்று பார்த்த வரலாறு என்பது மட்டும்தான் மாறுகிறது. இதைச் சொல்ல எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சான்று, அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் என்.கே. ஜெமிசினின் 'புரோக்கன் எர்த்' மூன்று நாவல்கள். (படிக்காதவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கதையின் சில முடிச்சுகளை இங்கே அவிழ்க்க வேண்டியிருக்கிறது.)

அந்த நாவல்களின் விதை ஒரு கனவு என்று ஜெமிசின் சொல்லியிருக்கிறார். கடுங்கோபத்தோடு ஒரு பெண் நடந்து வருகிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு மலை மிதந்து வருகிறது. விழித்தெழுந்தவருக்கு மலை எப்படி மிதந்தது என்பது பெரிய விஷயமாகப் படவில்லை. இந்தப் பெண்ணை இவ்வளவு கோபப்படுத்தியது எது என்பதே அவர் கேள்வி. அதற்கான பதிலை அவர் தன் மக்களின் வரலாற்றில் தேடினார்.

எல்லா மாய உலகத்துக்கும் ஒரு வரலாறு

டோல்கீனை எடுத்துக்கொள்வோம். 1916-இல் பிரான்சில் நடந்த சோம் போரில் அவர் தகவல் தொடர்பு அதிகாரியாக இருந்தார். பதுங்குகுழிக் காய்ச்சல் வந்து இங்கிலாந்துக்குத் திரும்பினார். நெருங்கிய நண்பர்கள் அந்தப் போரில் செத்துப்போனார்கள். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் நீருக்கடியில் பிணங்களின் முகங்கள் தெரியும் ஒரு சதுப்பு நிலம் வரும். சோம் போருக்குப் பிந்தைய வட பிரான்சுக்கு அந்த நிலம் கடன்பட்டிருக்கிறது என்று அவரே ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார்.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எழுதிய ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினுக்கு 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் 'ரோஜாப் போர்கள்' கைகொடுத்தன. விருந்துக்கு அழைத்துக் கொல்லும் அந்தப் புகழ்பெற்ற கல்யாணக் காட்சிக்குப் பின்னால், ஸ்காட்லாந்தில் 1440-இல் நடந்த 'கறுப்பு விருந்து', 1692-இல் நடந்த கிளென்கோ படுகொலை ஆகிய இரண்டும் இருக்கின்றன. பனிச்சுவருக்கு முன்மாதிரி, ரோமானியர்கள் பிரிட்டனில் கட்டிய ஹாட்ரியன் சுவர்.

இவையெல்லாம் மெச்சத்தக்க படைப்புகள்தான். ஆனால் அந்த வரலாறுகளில் நடுவில் நிற்பவர்கள் யார்? பெரும்பாலும் அரசர்கள், வாரிசுகள், பிரபுக்கள். கோட்டைக்குக் கல் சுமந்தவர் கதையின் ஓரத்தில்கூட வருவது அரிது.

இன்னொரு வகை வரலாறும் உண்டு. திகில் மிகுபுனைவின் பிதாமகராகக் கொண்டாடப்படும் எச்.பி. லவ்கிராஃப்ட் 1920-களின் நடுவில் நியூயார்க்கின் புரூக்ளினில் வாழ்ந்தார். பல நாடுகளிலிருந்து ஏழைகள் பிழைப்புத் தேடி வந்திறங்கிய இடம் அது. 1924-இல் அமெரிக்கா ஒரு கடுமையான குடியேற்றச் சட்டத்தையும் போட்டது. லவ்கிராஃப்டுக்கு அந்தத் தெருக்களில் உழைப்பாளிகள் கண்ணில் படவில்லை. அசிங்கமும் ஆபத்தும்தான் பட்டன. அப்போது எழுதிய ஒரு கதையில் ரெட் ஹுக் என்ற உண்மையான குடியிருப்புப் பகுதியின் மக்களை ரகசியமாகத் தீமையை வழிபடும் கூட்டமாக்கினார். பக்கத்து வீட்டுக்காரர் மீதிருந்த வெறுப்பு அரக்கனாக உருமாறியது.

உலக ஃபேன்டஸி விருது பல ஆண்டுகளாக இந்த லவ்கிராஃப்டின் தலையையே சிலையாக வார்த்து வழங்கியது. விருது வாங்கிய கறுப்பின எழுத்தாளர்கள், தங்களை மனிதராகவே மதிக்காதவரின் தலையை வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எழுத்தாளர்கள் போராடிய பிறகு 2015-இல்தான் அந்தச் சிலை கைவிடப்பட்டது.

ஆகவே 'அரக்கன்' என்று ஒரு கதை சொன்னால் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்த அரக்கன் எந்த மக்களின் சாயலில் வரையப்பட்டான் என்பதுதான். இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. பின்னால் அதற்கு வருகிறேன்.

பெயரிலேயே சாதி ஒட்டியிருக்கும் உலகம்

ஜெமிசின் 1972-இல் பிறந்தார். நியூயார்க்கிலும் அலபாமா மாநிலத்தின் மொபைல் நகரத்திலும் வளர்ந்தார். மொபைல் என்ற ஊரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1981 மார்ச்சில், அவருக்கு எட்டு வயதாக இருந்தபோது, மைக்கேல் டொனால்ட் என்ற 19 வயது கறுப்பின இளைஞரை கு கிளக்ஸ் கிளான் வெறியர்கள் கொன்று மரத்தில் தொங்கவிட்ட ஊர் அது.

அவருடைய முத்தொகுதியின் உலகம் ஒரே பெருங்கண்டம். பெயர் 'ஸ்டில்னெஸ்', அதாவது அசைவின்மை. ஆனால் அங்கே நிலம் ஓயாமல் அதிர்கிறது. சில நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை எரிமலை, சாம்பல், பஞ்சம் என்று பேரழிவுக்காலம் வருகிறது. அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு சாதி உண்டு. இந்த மனிதரால் ஊருக்கு என்ன பயன் என்பதை வைத்து வகுத்த சாதி: உடலுழைப்புக்கு ஒன்று, தலைமைக்கு ஒன்று, பிள்ளை பெறுவதற்கு ஒன்று. ஒருவரின் முழுப்பெயரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும். முதலில் பெயர், நடுவில் சாதி, கடைசியில் ஊர். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னாலிருந்த சாதிப் பட்டத்தை வெட்டி எறியத் தீர்மானம் போட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, இது ஏன் பயங்கரம் என்று விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சாதிகள் எல்லாவற்றுக்கும் கீழே, கணக்கிலேயே சேராதவர்கள் 'ஒரோஜீன்'கள். நிலத்தின் அதிர்வை மனத்தால் அடக்கவும் எழுப்பவும் முடிந்தவர்கள். அவர்களை இழிவாகக் கூப்பிட 'ரோகா' என்று ஒரு வசைச்சொல்லும் உண்டு. நிலநடுக்கத்தில் செத்துக்கொண்டிருக்கும் ஓர் உலகத்தைக் காப்பாற்றக்கூடியவர்கள் இவர்கள் மட்டும்தான். அந்த உலகம் அருவருப்பதும் இவர்களைத்தான்.

முதல் நாவலான 'தி ஃபிஃப்த் சீசன்' எப்படித் தொடங்குகிறது தெரியுமா? எஸ்ஸுன் என்ற தாய் வீட்டுக்கு வருகிறாள். அவளுடைய சின்னஞ்சிறு மகன் தரையில் கிடக்கிறான். அடித்தே கொன்றிருக்கிறார்கள். கொன்றது பகைவன் அல்ல, பெற்ற தகப்பன். மகன் ஒரோஜீன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். உலகமே அழிகிற கதையை ஒரு வீட்டுக்குள் நடந்த கொலையிலிருந்து தொடங்குகிறார் ஜெமிசின். அடையாளத்துக்காகப் பெற்ற பிள்ளையைக் கொல்லும் தகப்பனைத் தினசரிச் செய்தியாகப் படிக்கும் நாட்டில் இருக்கும் நமக்கு, அந்தப் பக்கத்தைத் தாண்டுவது எளிதல்ல.

இந்த நாவல்கள் 2015, 2016, 2017 என்று அடுத்தடுத்து வெளியாயின. அதற்கு முந்தைய ஆண்டுகளை நினைத்துப்பாருங்கள். 2013-இல் 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' முழக்கம் பிறந்தது. 2014 ஆகஸ்டில் ஃபெர்குசன் நகரத்தில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயது இளைஞரைப் போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார், தெருக்கள் கொதித்தன. அந்த ஆண்டுகளில் கறுப்பினப் பெண் ஒருவர் எழுதிய கதையில் நிலம் அதிராமல் வேறென்ன செய்யும்?

தாயின் கையில் கத்தி

1856 ஜனவரியில் கென்டக்கி மாநிலத்தில் அடிமையாக இருந்த மார்கரெட் கார்னர் என்ற பெண், உறைந்துகிடந்த ஒஹாயோ ஆற்றைக் குடும்பத்தோடு கடந்து சின்சினாட்டிக்குத் தப்பினார். ஒஹாயோவில் அடிமை முறை இல்லை. ஆனால் 1850-இல் போட்ட சட்டப்படி, தப்பியோடிய அடிமையை அங்கேயும் வந்து பிடித்துப் போகலாம். பிடிக்க வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்தபோது, மகள் மறுபடி அடிமையாவதைப் பார்க்க மனமில்லாமல் இரண்டு வயதுக் குழந்தையைக் கத்தியால் அறுத்துக் கொன்றார் அந்தத் தாய்.

வழக்கு என்னவாக நடந்தது என்பதைக் கவனியுங்கள். அவரைக் கொலைக் குற்றவாளியாக விசாரிப்பதா, எஜமானின் சொத்தாகத் திருப்பி அனுப்புவதா என்று வாதாடினார்கள். கொலைக் குற்றவாளி என்றாலாவது மனுஷி என்று ஒப்புக்கொண்டதாகியிருக்கும். சொத்து என்றே முடிவானது, கென்டக்கிக்குத் திருப்பி அனுப்பினார்கள். டோனி மாரிசனின் 'பிலவ்ட்' (1987) நாவலுக்கு அடித்தளம் இந்த நிகழ்வுதான்.

ஜெமிசினின் முதல் நாவலின் உச்சத்தில், ஒரோஜீன்களைப் பிடித்துப்போகும் 'காவலர்கள்' கப்பல்களில் வந்து சூழ்கிறார்கள். ஒரு தாய் தன் குழந்தையை அவர்கள் கையில் கொடுக்காமல் தன் கையாலேயே மூச்சை நிறுத்துகிறாள். மார்கரெட் கார்னரைத் தெரிந்தவர் யாரும் அந்தக் காட்சியைக் கற்பனை என்று கடந்துபோக முடியாது. அந்தப் பெண்ணின் கோபத்துக்குப் பின்னால் மலை மிதப்பதற்கான காரணம் இங்கே கிடைத்துவிடுகிறது.

குழந்தை ஏன் இந்த வரலாற்றின் மையமாக இருக்கிறது? 1662-இல் வர்ஜீனியா ஒரு சட்டம் போட்டது. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. தகப்பன் எஜமானாகவே இருந்தாலும் சரி. 1808-இல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது தடை செய்யப்பட்டது. ஆனாலும் 1810-இல் சுமார் 12 லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860-இல் சுமார் 40 லட்சமானது. கறுப்பினப் பெண்ணின் கருப்பையே சந்தையாகிவிட்டது என்பதுதான் அந்தக் கணக்கின் பொருள். ஜெமிசினின் உலகத்தில் ஒரோஜீன்களைப் பழக்கும் நிறுவனம், திறமைசாலிகளான இருவரைத் தேர்ந்தெடுத்து, விருப்பமில்லாவிட்டாலும் சேர்ந்து பிள்ளை பெறச் சொல்லி ஆணையிடுகிறது. இதில் ஆசிரியர் புதிதாகக் கண்டுபிடித்தது பெயர்களை மட்டும்தான்.

அந்த நாவலின் மிகக் கொடூரமான காட்சி இன்னொன்று. நிலத்தை அமைதியாக வைத்திருக்கும் காவல் நிலையங்களில் உண்மையில் இருப்பவர்கள் குழந்தைகள். பயிற்சிக்கு அடங்காத ஒரோஜீன் குழந்தைகளின் மூளையைச் சிதைத்து, நாற்காலியில் கட்டி, அவர்களின் சக்தியை மட்டும் உறிஞ்சிக்கொள்கிறார்கள். நகரங்கள் நிம்மதியாகத் தூங்குகின்றன. இது அதீதம் என்று தோன்றுகிறதா? அதே அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, 40 ஆண்டுகள், அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை 399 கறுப்பின ஆண்களுக்கு சிஃபிலிஸ் நோய் இருப்பதை அறிந்தும், மருந்து கண்டுபிடித்த பின்னும், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதற்காகச் சிகிச்சை தராமல் வைத்திருந்தது. அது அம்பலமான ஆண்டில்தான் ஜெமிசின் பிறந்தார்.

கல்லில் எழுதியதையும் திருத்தலாம்

இதுவரை சொன்னதை மட்டும் செய்திருந்தால், அடிமை முறையின் கொடுமைகளுக்கு மந்திர வேடம் போட்ட நல்ல நாவல்கள் என்று சொல்லி நிறுத்தியிருப்பேன். ஜெமிசின் அதற்கு மேல் ஒரு படி போகிறார். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

அந்த உலகத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்யும் ஒரு பழைய வாக்குத் தொகுப்பு உண்டு. பேரழிவுக்காலத்தில் எப்படிப் பிழைப்பது, யாரை நம்புவது, யாரை விலக்குவது என்று கல்லில் பொறித்துவைத்த நெறிகள். 'ஸ்டோன்லோர்' என்கிறார், நாம் கல்மறை என்று சொல்லிக்கொள்வோம். ஒரோஜீன்கள் மனிதர்கள் அல்ல என்பதற்கும் அதிலிருந்துதான் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் கதை போகப் போக, அந்தக் கல்மறை காலந்தோறும் மாற்றப்பட்டிருக்கிறது என்பது தெரிகிறது. வேண்டாதது நீக்கப்பட்டது, ஆட்சிக்கு ஏற்றது சேர்க்கப்பட்டது. எழுத்து கல்லில் இருக்கிறது என்பதால் அது என்றைக்கும் இருந்தது என்று ஆகிவிடாது.

மூன்றாம் நாவல் 'தி ஸ்டோன் ஸ்கை' நம்மைப் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னால் அழைத்துப்போகிறது. 'சில் அனாகிஸ்ட்' என்றொரு மாபெரும் நாகரிகம். அது 'நீஸ்' என்ற மக்களைத் தோற்கடித்து நிலத்தைப் பறிக்கிறது. ஆனால் ஒரு சங்கடம். தோற்றவர்கள் தங்களைவிடத் திறமையானவர்கள் என்பது வென்றவர்களுக்குத் தெரிகிறது. திருடியவனால் அதை ஒப்புக்கொள்ள முடியுமா? எனவே அறிஞர்கள் வருகிறார்கள். நீஸ் மக்களின் கண்ணில் குறை, உடம்பில் குறை, அவர்கள் முழு மனிதர்களே அல்ல என்று நிறுவுகிறார்கள். அந்தப் பொய்யை நம்ப வைத்த பிறகு, பொய்யின் சாயலிலேயே அடிமைகளை உருவாக்கித் தங்கள் பேரியந்திரத்தை இயக்கப் பயன்படுத்துகிறார்கள். அந்த இயந்திரம்தான் நிலத்தையே உடைக்கிறது.

உண்மை வரலாற்றில் இந்த அறிஞர்களுக்குப் பெயர் உண்டு. 1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், அடிமைகள் தப்பியோடுவது 'டிராப்பெட்டோமேனியா' என்ற மனநோய் என்று கட்டுரை எழுதினார். சுதந்திரத்துக்கு ஆசைப்படுவதே நோயாம்!

இங்கேதான் ஜெமிசினின் உலகம் மற்ற உலகங்களிலிருந்து விலகி நிற்கிறது. பெரும்பாலான மிகுபுனைவுகளில் ஏற்றத்தாழ்வு என்பது மலை, ஆறு போல வரைபடத்தின் ஒரு பகுதி. ஏன் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. இவர் உலகத்தில் இழிவுக்கு ஒரு தொடக்கம் இருக்கிறது. செய்தவர்கள் இருக்கிறார்கள். செய்ததற்கு லாபக் கணக்கு இருக்கிறது. பிறகு அதை மறைத்த எழுத்தும் இருக்கிறது. தொடக்கம் உள்ளதற்கு முடிவும் உண்டு என்பது அதிலிருந்து தானாக வரும் முடிவு.

மறைப்பது என்றதும் மறுபடி மொபைல் நகரம் நினைவுக்கு வருகிறது. 1860-இல், அடிமை வணிகம் தடை செய்யப்பட்டு அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 'குளோடில்டா' என்ற கப்பல் சுமார் 110 ஆப்பிரிக்கர்களை மொபைலுக்குக் கடத்தி வந்தது. அமெரிக்காவுக்கு அடிமைகளைக் கொண்டுவந்ததாக அறியப்படும் கடைசிக் கப்பல் அது. குற்றத்தை மறைக்கக் கப்பலைக் கொளுத்தி ஆற்றில் மூழ்கடித்தார்கள். ஆனால் வந்தவர்கள் விடுதலைக்குப் பிறகு அங்கேயே 'ஆஃப்ரிக்காடவுன்' என்ற ஊரை உருவாக்கினார்கள். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2019-இல் கப்பலின் சிதிலம் அடையாளம் காணப்பட்டது. எரித்தவன் ஆவணத்தை நம்பினான். மக்கள் நினைவை நம்பினார்கள். நினைவுதான் ஜெயித்தது.

மெலூஹாவில் எல்லாம் நலமா?

இப்போது நம் பக்கம் வருவோம். 2010-இல் வெளிவந்து லட்சக்கணக்கில் விற்ற அமிஷின் மெலூஹா நாவல், சிந்துவெளியை ஒரு லட்சியப் பேரரசாகக் கற்பனை செய்கிறது. அங்கேயும் நான்கு வர்ணங்கள் உண்டு. ஆனால் பிறப்பால் அல்ல. குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துப் பொதுவில் வளர்த்து, தேர்வு வைத்து, தகுதிப்படி பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர் என்று பிரிக்கிறார்கள். 'விகர்மா' என்று தீண்டத்தகாதவர்கள் போலவும் ஒரு கூட்டம் உண்டு. நாயகன் சிவா அந்த அநீதியைக் கண்டு கொதித்து அந்தச் சட்டத்தை நீக்குகிறான். இது அந்த நாவலின் நல்ல பக்கம், மறுப்பதற்கில்லை.

ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். தீண்டாமை ஒரு கெட்ட சட்டமாகச் சுருங்கிவிட்டது, நல்ல நாயகன் வந்து நீக்கிவிட்டான். நான்கு வர்ணமோ அறிவியல்பூர்வமான ஏற்பாடாக மின்னுகிறது. யார் செய்தார்கள், யாருக்கு லாபம், யார் நிலம் போனது என்ற கேள்விகளெல்லாம் காணாமல் போய்விட்டன.

இந்த 'தகுதி வர்ணம்' என்ற கற்பனை புதியதல்ல. ஆரிய சமாஜத்தார் நூறாண்டுக்கு முன்பே இதைத்தான் சொன்னார்கள். லாகூர் ஜாத் பாத் தோடக் மண்டலத்துக்காக அண்ணல் அம்பேத்கர் 1936-இல் எழுதி, அவர்கள் மாநாட்டையே ரத்து செய்ததால் அவரே நூலாக வெளியிட்ட 'சாதியை அழித்தொழித்தல்' இதற்குப் பதில் சொல்லிவிட்டது. தகுதிதான் அளவுகோல் என்றால் பிராமணன், சூத்திரன் என்ற பழைய முத்திரைகள் எதற்கு? பிறப்பின் நாற்றம் பிடித்த அந்தச் சொற்களை வைத்துக்கொண்டே தகுதியைப் பற்றிப் பேசுவது ஒரு மோசடி என்பதே அவர் வாதத்தின் சாரம்.

இரண்டு எழுத்தாளர்களுமே வரலாற்றை எடுத்துக் கற்பனை உலகம் கட்டியவர்கள்தான். ஒருவர் சாதிக்குப் பின்னாலிருந்த வரலாற்றை வெட்டி எடுத்துவிட்டுச் சாதியை மட்டும் பளபளப்பாக்கினார். மற்றவர் சாதியைப் பிரித்துப் போட்டு உள்ளேயிருந்த வரலாற்றை வெளியே எடுத்தார்.

அவதாரங்களைப் படித்த புலே

'அரக்கன் யார் சாயலில்?' என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல என்று சொன்னேன் அல்லவா? 1873-இல் ஜோதிராவ் புலே 'குலாம்கிரி' எழுதினார். மச்ச அவதாரம், வராக அவதாரம், நரசிம்மன், வாமனன், பரசுராமன் என்று புராணம் சொல்லும் அற்புதங்களை எடுத்துக்கொண்டு, இவை மண்ணின் மக்களைத் தோற்கடித்த படையெடுப்புகளின் கதைகள் என்று வாசித்துக் காட்டினார். புராணத்தின் அசுரன் பலி அவர் கையில் மக்களின் நல்ல அரசன் ஆனான். அவர் தந்த ஒவ்வொரு வரலாற்று விவரத்தையும் இன்று நாம் அப்படியே ஏற்க வேண்டும் என்பதில்லை. அவருடைய வாசிப்பு முறைதான் சொத்து. அற்புதக் கதையின் அடியில் யாருடைய தோல்வி புதைந்திருக்கிறது என்று தோண்டும் முறை.

அந்த நூலை அவர் யாருக்குக் காணிக்கையாக்கினார்? கறுப்பின மக்களை அடிமைத்தளையிலிருந்து விடுவித்த அமெரிக்க மக்களுக்கு. 1946-இல் அண்ணல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார், ஐ.நா. சபைக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் பிரதியைக் கேட்டார். 1972-இல் பம்பாயில் பிறந்த தலித் பேந்தர்ஸ், அமெரிக்காவின் பிளாக் பேந்தர்ஸ் இயக்கத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்டது. எனவே ஜெமிசினை நாம் வாசிப்பது நூற்றைம்பது ஆண்டு உறவின் தொடர்ச்சி.

அவருடைய முத்தொகுதியில் யிக்கா என்ற பெண் தலைவி வருகிறாள். ஒரோஜீன்களும் மற்றவர்களும் சேர்ந்து வாழும் ஓர் ஊரை நடத்துகிறாள். பெயரின் நடுவில் சாதியைச் சொல்ல வேண்டிய இடத்தில், தன்னை இழிவுபடுத்தும் 'ரோகா' என்ற அந்த வசைச்சொல்லையே வைத்துக்கொள்கிறாள். அதைப் படித்தபோது எனக்கு 1893-இல் 'பறையன்' என்று பெயரிட்டுப் பத்திரிகை தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன்தான் நினைவுக்கு வந்தார். அந்தப் பெயரை ஏற்க மறுத்துப் 'பூர்வ பௌத்தர்' என்ற வரலாற்றை மீட்டெடுத்த அயோத்திதாசப் பண்டிதரும் உடனே நினைவுக்கு வந்தார். இழிசொல்லைப் பறித்து ஆயுதமாக்குவதா, அதைத் தூக்கியெறிந்து வேறு பெயர் சூடுவதா என்ற விவாதத்தை நம் முன்னோர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே நடத்தியிருக்கிறார்கள்.

ஒரு நியாயமான ஆட்சேபம்

ஒரு தோழர் என்னிடம் கேட்டார்: "ஒரோஜீன் கோபப்பட்டால் நிஜமாகவே ஊர் அழியும். அப்படியென்றால் ஊர்க்காரர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறதே? தலித்துகளிடமோ கறுப்பின மக்களிடமோ அப்படி எந்த ஆபத்தான சக்தியும் இல்லையே?"

சரியான கேள்வி. ஒடுக்கப்பட்டவர்களுக்கு அமானுஷ்ய சக்தி கொடுக்கும் எல்லாக் கதைகளுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. எந்த உவமையும் வரலாற்றோடு முழுசாகப் பொருந்தாது. பொருந்தாத இடத்தை மூடி மறைக்கக் கூடாது. சாதிக்கும் இனவெறிக்கும் இடையிலும் அப்படிப்பட்ட வேறுபாடுகள் இருக்கின்றன.

ஆனால் ஜெமிசின் இந்தச் சிக்கலைத் தெரிந்தேதான் கையாள்கிறார் என்று நினைக்கிறேன். அந்த உலகம் ஒரோஜீன்களின் சக்தியைக் கண்டு நடுங்கி அதை ஒழித்துவிடவில்லை. கட்டிப்போட்டு உறிஞ்சுகிறது. பயம் ஒரு சாக்கு, உழைப்புதான் இலக்கு. மலம் அள்ளும் கையைத் தீட்டு என்று விலக்கிவிட்டு, அந்தக் கை நாளைக்கும் வந்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் ஊருக்கு இந்தக் கணக்கு புரியாதா?

இன்னொன்றும் சொல்கிறார். "நாங்கள் இல்லாவிட்டால் உலகம் அழிந்துவிடும், அதனால் எங்களை மதியுங்கள்" என்று கேட்பது ஒரு பொறி. பயனை வைத்து மனிதரை அளக்கும் அதே சாதிக் கணக்குக்குள் மறுபடி விழுவது. பயன்பட்டாலும் படாவிட்டாலும் மனிதர் மனிதர்தான். நாற்காலியில் கட்டப்பட்ட குழந்தைக்கு நம்மிடம் நிரூபிக்க வேண்டியது எதுவும் இல்லை.

இந்த மூன்று நாவல்களும் 2016, 2017, 2018 என்று வரிசையாக மூன்று முறை சிறந்த நாவலுக்கான ஹியூகோ விருதை வென்றன. அதற்கு முன் எந்த எழுத்தாளரும் தொடர்ந்து மூன்று ஆண்டு அதைப் பெற்றதில்லை. அந்தப் பிரிவில் வென்ற முதல் கறுப்பின எழுத்தாளரும் அவர்தான். கறுப்பினத்தவரும் பெண்களும் விருது பெறுவதைப் பொறுக்காத ஒரு கூட்டம், வாக்குகளைத் திரட்டி ஹியூகோவைக் கைப்பற்ற முயன்றுகொண்டிருந்த அதே ஆண்டுகளில் நடந்தது இது.

நம் இளைஞர்கள் பலர் இப்போது தமிழில் மிகுபுனைவு எழுதத் தொடங்கியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. டிராகன் வையுங்கள், மிதக்கும் நகரம் கட்டுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் உங்கள் உலகத்தின் வரைபடத்தை வரைந்து முடித்ததும் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கோட்டைக்குக் கல் சுமந்தவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள்? ஊருக்குள்ளா, வெளியிலா? அவர்களை வெளியே வைக்கச் சொன்ன கல்மறையை யார், எப்போது, எதற்காக எழுதினார்கள்?

பதில் கிடைத்ததும் கதையை அங்கிருந்து தொடங்குங்கள்.